கேள்விக்கு முந்தி வந்த பதில்

2063 நவம்பர் 14, புதன்கிழமை, காலை பத்து மணி பன்னிரண்டு நிமிடம். தூத்துக்குடியில் வடகிழக்குப் பருவமழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. விசாரணை அறையின் கிழக்குச் சன்னலை ஒழுங்காகச் சாத்தாததால் தரையில் ஒரு முழ அகலத்துக்கு ஈரம் பரவியிருந்தது.

இவ்வளவையும் நடவடிக்கைக் குறிப்பின் தலைப்பில் எழுதியவர் விண்தொழில் விபத்து விசாரணை அலுவலர் நீலாயதாட்சி. சன்னலைப் பற்றிய வாக்கியம் வேண்டாததோ என்று எழுதி முடித்த பிறகு அவருக்கே தோன்றியது. ஆனாலும் அதை அடிக்கவில்லை. பணிக்காலம் முழுவதிலும் தாம் எழுதிய எதையும் அவர் அடித்ததில்லை; அடிக்க நேராதபடி எழுதுவதே எழுத்து என்பது அவர் கொள்கை.

வழக்கு சிறியதாகத்தான் தெரிந்தது. நிலவில் கனிமம் தோண்டும் நிறுவனம் ஒன்று தன் குகைத்தளத்தின் கதவுகளை மணப்பாட்டுக் கடற்கரையிலுள்ள கட்டுப்பாட்டு அறையிலிருந்து இயக்கிவந்தது. நிலவில் வேலை செய்பவர் கதவைத் தாமே மூடக்கூடாது. மூச்சுக்காற்று குறைந்த நேரத்தில் மனிதன் எடுக்கும் முடிவை நம்ப முடியாது என்று சட்டம் கருதியது. ஆகவே பூமியில் ஒருவர் கேட்பார், நிலவில் ஒருவர் சொல்வார், பிறகு பூமியில் பொத்தான் அழுந்தும். அக்டோபர் மாதம் ஒருநாள் இந்த ஒழுங்கில் எங்கோ பிசகியது. தோண்டுவண்டி ஓட்டுநர் உய்க்காட்டானின் இடக்கை மூன்றாம் கதவில் சிக்கி முழங்கையோடு போயிற்று. பொத்தானை அழுத்தியவர் தெக்லா கர்வாலோ, மணப்பாட்டுக்காரர், முப்பத்து நான்கு வயது.

நிறுவனம் ஒலிப்பதிவை ஒப்படைத்திருந்தது. அதில் மூன்றே ஒலிகள். தெக்லா கேட்கிறார்: “என்ன அண்ணாச்சி, உள்ள வந்தாச்சா?” உய்க்காட்டான் சொல்கிறார்: “இருங்க, இருங்க.” ஏறத்தாழ ஒரு விநாடி கழித்துப் பொத்தான் அழுந்தும் சத்தம். காதுள்ள எவருக்கும் பொருள் விளங்கும்: பொறுக்கச் சொன்னதைக் கேட்டும் அந்தப் பெண் கதவை மூடியிருக்கிறார். அது உண்மையானால் அவருடைய உரிமம் போகும். அதோடு நிற்காமல் சிறையும் உண்டு.

புண் ஆறும்வரை உய்க்காட்டானைப் பூமிக்கு அனுப்ப மருத்துவர்கள் ஒப்பவில்லை. நிலவுத்தளத்தின் மருத்துவ அறையிலிருந்து, நிறுவனத்தின் இணைப்பு வழியாகவே அவர் சாட்சியம் அளித்தார். படம் இல்லை, குரல் மட்டும். விசாரணை அறையில் இருந்த எல்லோரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டார்கள். நீலாயதாட்சி பெயரையும் பணியையும் கேட்டுவிட்டு, பொறுக்கச் சொன்ன சொல்லைக் காதில் வாங்கிய பிறகுதான் தெக்லா கதவை மூடினாரா என்று கேட்டார்.

“ஆமா மேடம்” என்றது குரல், தயங்காமல். சிறிது விட்டு, அதே குரல் சற்றுக் கரகரப்பாகத் தொடர்ந்தது. “அது எனக்கெப்படித் தெரியும்? அவங்ககிட்டல்லா கேக்கணும்.”

முதல் வாக்கியத்தை நீலாயதாட்சி சாட்சியமாக எழுதினார். இரண்டாவதைச் சாட்சியின் மனக்குறை என்று ஓரத்தில் குறித்தார். கையை இழந்தவருக்கு அவ்வளவு மனக்குறையாவது இருக்க வேண்டாமா?

தெக்லாவின் முறை வந்தபோது அவர் சொன்னது ஒன்றுதான். “வந்தாச்சுன்னு சொன்னாவ மேடம். அதக் கேட்டுத்தான் மூடுனேன்.” பதிவை மீண்டும் ஓடவிட்டார்கள். அதில் அப்படி ஒரு சொல் இல்லை. தெக்லா தம் மடியைப் பார்த்தபடி, தம் காதில் விழுந்தது அதுதான் என்றார். விழுந்ததற்குச் சாட்சி உண்டா என்றார் நிறுவனத்தின் வழக்கறிஞர்.

ஒரு சிறு செய்கையை மட்டும் நீலாயதாட்சி கவனித்தார். பதிவைக் கேட்கும்போது தெக்லாவின் வலக்கை தானாக எழுந்து ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து கன்னத்துக்குத் தள்ளியது. அடுத்த நொடியே, சுடுவதைத் தொட்டவர்போல் அதைப் பழையபடி காதில் வைத்துக்கொண்டார். இது எதற்கு என்று நீலாயதாட்சிக்கு விளங்கவில்லை. விளங்காததை அவர் எழுதுவதில்லை, மறப்பதும் இல்லை.

மாலையில் நடவடிக்கைக் குறிப்பைச் செப்பமாகப் படியெடுத்தபோது உய்க்காட்டானின் இரண்டு வாக்கியங்கள் உறுத்தின. ஆம் என்று சொன்ன வாய் அடுத்த மூச்சில் எனக்கெப்படித் தெரியும் என்று ஏன் கேட்க வேண்டும்? இரண்டில் ஒன்று அவருடையதாக இருக்கலாம். இரண்டும் ஒருவருடையவையாக இருப்பது கடினம். இப்படி யோசித்தபோதுதான், இத்தனை நேரம் தாம் கவனிக்கத் தவறியது மனத்தில் பட்டது. நிலவு இருக்கும் தொலைவுக்குக் கேள்வி போய்ச் சேரவே ஒன்றேகால் விநாடிக்கு மேல் ஆகும். பதில் திரும்ப இன்னும் அவ்வளவு. அந்த ‘ஆமா மேடம்’ தம் கேள்வி வாயிலிருந்து விழுந்த உடனே வந்திருந்தது.

மறுநாள் முன்னறிவிப்பின்றி மணப்பாட்டுக்குப் போனார்.

நிறுவனத்தின் ஒலிப்பொறியாளர் திருவேங்கடம் சென்னைக்காரர். அதிகாரிகளிடம் எதையும் மறைக்கத் தெரியாதவர், கேட்டால்தான் சொல்வார் என்ற குறை தவிர. நீலாயதாட்சி கேட்டார். அவர் சொன்னார்.

“நீங்க முதல்ல கேட்ட குரல் இடைநிரப்பி மேடம். மனுஷன் இல்ல.”

பூமியிலிருந்து ஒருவர் பேசி, பதில் வந்து சேர, வழியிலுள்ள கருவிகளின் தாமதத்தையும் சேர்த்து மூன்று விநாடி ஆகிறது. மூன்று விநாடி சும்மா இருக்க மனிதனால் முடிவதில்லை. பதில் வரவில்லை என்று மறுபடி கேட்கிறான். அதற்குள் பழைய பதில் வந்து அவன் பேச்சின்மேல் விழுகிறது. ஆகவே, நிலவில் இருப்பவர் ஆண்டுக்கணக்கில் பேசியதைக் கற்றுவைத்துள்ள ஒரு நிரல், அவர் என்ன சொல்லக்கூடும் என்று ஊகித்து, அவர் குரலிலேயே முதல் இரண்டு சொற்களைச் சொல்லி இடைவெளியை நிரப்புகிறது. உண்மைக் குரல் வந்ததும் விலகிக்கொள்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு தடவை ஊகம் சரியாக இருக்கிறது என்றார் திருவேங்கடம், சற்றுப் பெருமையுடன்.

“மீதி மூன்று தடவை?”

“சும்மா பேசிக்கிறதுதானே மேடம். யாரும் கவனிக்கிறதில்ல.”

விசாரணை இணைப்பிலும் இது ஓடியது ஏன் என்று கேட்டார். நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை என்று விடை வந்தது. பிறகு, நீலாயதாட்சியின் முகத்தைப் பார்த்துவிட்டு, திருவேங்கடம் குரலைத் தாழ்த்தினார்.

“மொத வருஷம் இது இல்ல மேடம். அப்ப நிலாவுக்குப் போனவங்க நாலு மாசத்துல திரும்பிட்டாங்க. வேலை கஷ்டம்னு இல்ல. வீட்டுக்குப் பேசினா, ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால ஒரு குழி. பொண்டாட்டி தன்மேல கோவமா இருக்கான்னே நெனச்சுக்கிட்டு ஒருத்தர் சாப்பிடறதையே விட்டுட்டார். குழியை மூடினோம். இப்ப மூணு வருஷம், நாலு வருஷம் இருக்காங்க.”

அதை நீலாயதாட்சி மறுக்கவில்லை. ஒப்படைத்த பதிவில் இடைநிரப்பியின் குரல் ஏன் இல்லை என்று மட்டும் கேட்டார். பதிவில் உண்மைக் குரல்கள் மட்டுமே சேர்க்கப்படும் என்றார் அவர். இரு பக்க ஒலிகளையும் ஒரே காலக்கோட்டில் நிறுத்துவதுதான் ஒத்திசைவு. நிலவில் பேசியது பேசிய நேரத்திலேயே நிற்கும். பூமியில் பேசியதும் பொத்தானும், அங்கே போய்ச் சேர்ந்த நேரத்துக்குத் தள்ளி வைக்கப்படும். அப்போதுதான் கேட்பதற்கு ஒழுங்காக இருக்கும்.

நீலாயதாட்சி தாளில் இரண்டு கோடுகள் கிழித்தார். பூமிக்கோட்டில் கேள்வியையும் பொத்தானையும் குறித்தார். நிலவுக்கோட்டில் ‘இருங்க’ என்பதைக் குறித்து, அது பூமிக்கு இறங்கும் இடத்துக்கு ஒரு சாய்கோடு வரைந்தார். சாய்கோடு பொத்தானைத் தாண்டிப் போய் விழுந்தது.

“அப்படியானால் இந்தப் பதிவு நிலவின் காதுக்கு மட்டுமே உண்மை. ‘இருங்க’ என்ற சொல் வந்து சேருமுன்பே தெக்லா பொத்தானை அழுத்திவிட்டார்.”

“ஆமா. ஆனா அது அவங்களுக்கு இன்னும் மோசம் இல்லையா மேடம்? பதிலே வராம மூடியிருக்காங்க.”

“அல்லது வேறொன்று வந்திருக்கிறது.”

திருவேங்கடம் தலையை அசைத்தார். கதவுக் கேள்விகளுக்கு இடைநிரப்பி வாய் திறக்காது, அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். ‘கதவு மூன்று, வெளியில் எவரும் இல்லை என்பதை உறுதிசெய்க’ என்று விதிப்படிக் கேட்டால் அது மௌனமாகிவிடும். யாராவது அப்படிக் கேட்கிறார்களா என்றார் நீலாயதாட்சி. மேலிடத்துப் பார்வையாளர்கள் வரும் நாள்களில் கேட்பதுண்டு என்றார் திருவேங்கடம். மற்ற நாள்களில் உள்ள வந்தாச்சா என்பார்கள். இடைநிரப்பிக்கு அது, சாப்பாடு ஆயிற்றா என்பதைப் போன்ற பேச்சு. ஆனால் அன்று அது பேசியதா இல்லையா என்பதை இனி அறிய வழியில்லை.

“அது சொல்றது பஃபர்ல நாலு விநாடி நிக்கும். அடுத்தது வந்து மேல விழுந்ததும் போயிடும். எங்கயும் சேமிக்கிறதில்ல.”

நீலாயதாட்சி எழுந்து கண்ணாடிச் சுவருக்கு அப்பாலிருந்த கட்டுப்பாட்டு அறையைப் பார்த்தார். எட்டு மேசைகள், எட்டுப் பேர். எட்டுப் பேரும் ஹெட்போனின் இடப்பக்கத்தைக் காதில் வைத்து, வலப்பக்கத்தைக் கன்னத்துக்குத் தள்ளியிருந்தார்கள். அது வாய்க்கு முன் நீண்டிருந்த மைக்கை ஏறக்குறைய இடித்துக்கொண்டு நின்றது.

“விதி ரெண்டு காதும்தான்” என்றார் திருவேங்கடம் அவசரமாக. “ஆனா பக்கத்து மேசைல கூப்பிட்டா கேக்கணும்ல? ஒரு காது நிலாவுக்கு, ஒரு காது டீக்கு.”

நேற்று விளங்காத செய்கை இப்போது விளங்கியது.

“அந்த மைக்கில் விழுந்தது தனியாக இருக்குமா?”

“இருக்கு. ஒவ்வொரு மைக்கும் தொடாம நாப்பத்தஞ்சு நாள் வச்சிருக்கணும்னு சட்டம். ஆனா அதுல என்ன மேடம் இருக்கப் போகுது? உங்களுக்குக் குடுத்ததேதான். கூடக் கொஞ்சம் அழுக்கு.”

“அழுக்கைக் கேட்கலாம்.”

கேட்டார்கள். மின்விசிறியின் இரைச்சல், யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள், தெக்லாவின் குரல், மிக அருகில்: “என்ன அண்ணாச்சி, உள்ள வந்தாச்சா?” அதையடுத்து, தகரப் பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்து, ஆனால் ஐயத்துக்கு இடமின்றி: “வந்தாச்சு கலெக்டரம்மா.” பொத்தான். பிறகு நெடுநேரம் போலத் தோன்றிய ஓர் இடைவெளி. பிறகு அதே தகரப் பெட்டியிலிருந்து: “இருங்க, இருங்க.” பிறகு தெக்லா ஐயோ என்றது.

திருவேங்கடம் மீண்டும் ஓடவிடவில்லை. தெக்லா எப்போதும் உத்தரவு போடுவதால் உய்க்காட்டான் அவரை அப்படித்தான் கேலியாகக் கூப்பிடுவார் என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

“அந்த ‘வந்தாச்சு’ கேட்டபோது உய்க்காட்டான் என்ன செய்துகொண்டிருந்தார்?”

“கேள்வியே இன்னும் அவர்கிட்ட போய்ச் சேரல மேடம்.”

ஹெட்போனை விதிப்படி மாட்டியிருந்தால் அந்தச் சொல் தெக்லாவின் காதோடு அழிந்திருக்கும். காதிலிருந்து தள்ளி வைத்திருந்ததை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டபோது தெக்லா, “ஒரு தப்புக்கே ஜெயில்ங்காவ. ரெண்டாவது தப்பயும் நானே எடுத்துக் குடுக்கவா?” என்றார். அந்தக் கேள்வியில் குறை காண நீலாயதாட்சியால் முடியவில்லை.

இரண்டாம் அமர்வு நவம்பர் இறுதியில் நடந்தது. இடைநிரப்பியை நிறுத்திவைக்குமாறு நீலாயதாட்சி எழுத்து மூலம் ஆணையிட்டிருந்தார். ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் அறையில் மூன்று விநாடி மௌனம் நின்றது. வழக்கறிஞர் முதல் கேள்விக்கே இருமுறை குறுக்கிட்டார். தட்டச்சர் இணைப்பு அறுந்துவிட்டதென்று எழுந்து நின்றார். நான்காவது கேள்விக்குள் எல்லோரும் பழகிப்போனார்கள். பதிலுக்காகக் காத்திருக்கும்போது மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை என்று நீலாயதாட்சி கண்டார்.

மைக்கின் பதிவை உய்க்காட்டானுக்குப் போட்டுக் காட்டினார்கள். மூன்று விநாடி போயிற்று. பத்து விநாடியும் போயிற்று.

“என் குரல்தான்” என்றார் அவர். “நான் சொல்லல.”

பிறகு, தாம் ஒன்று கேட்கலாமா என்றார். கேட்கலாம் என்றார் நீலாயதாட்சி.

“கலெக்டரம்மா, நீங்க மூணு வருசமா பேசுனது யாருகிட்ட?”

தெக்லாவின் விடைக்காக எல்லோரும் காத்திருந்தார்கள். இந்த முறை தாமதம் பூமியில். அவர் வாயைத் திறந்தார், திறந்தபடியே நின்றார். அமர்வு அத்துடன் ஒத்திவைக்கப்பட்டது.

2064 பிப்ரவரி மாதம், வெயில் ஏறிய ஒரு முற்பகலில், முடிவைப் பெற்றுக்கொள்ள இருவரும் நேரில் வந்தார்கள். உய்க்காட்டான் பூமிக்குத் திரும்பி இரண்டு வாரம் ஆகியிருந்தது. நடையில் இன்னும் தள்ளாட்டம் இருந்தது. சட்டையின் இடக்கையை மடித்து ஊசி குத்தியிருந்தார். தெக்லா வாசலில் அவரைத் தாண்டிப் போய்விட்டு, குரலைக் கேட்டுத் திரும்பி வந்தார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது.

முடிவின் சாரத்தை நீலாயதாட்சி வாசித்தார். பொறுக்கச் சொன்னதைக் கேட்டும் மூடினார் என்ற குற்றச்சாட்டு நிலைக்கவில்லை. தெக்லாவின் உரிமம் தொடரும். விதிப்படிக் கேள்வி கேட்காததற்கும் ஹெட்போனுக்கும் எச்சரிக்கை. கதவுகளை இயக்கும் இணைப்புகளில் இடைநிரப்பி கூடாது. வீட்டுப் பேச்சில் அது வேண்டுமா என்பதை இரு முனையில் இருப்பவர்களும் அறிந்து ஒப்ப வேண்டும். உய்க்காட்டானின் கைக்கு நிறுவனமே பொறுப்பு. கடைசியாக, மூன்றாண்டு ஒத்திசைவுப் பதிவுகளில் இருப்பவை உண்மைக் குரல்கள் மட்டுமே என்பதால், எது யார் சொன்னது என்று அறிய விரும்பினால் இருவரும் அவற்றைக் கேட்டுப்பார்க்கலாம்.

தெக்லாவுக்கு முழுவதும் வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு நாள் போதும் என்றார். போன வருடம் தை மாதம், அவர் அம்மாவை அடக்கம் செய்த மறுநாள். வேலைக்கு வந்து உட்கார்ந்து, அம்மா போய்விட்ட செய்தியை உய்க்காட்டானிடம் சொன்னார். சொல்லி வாய் மூடுமுன் ‘நான் இருக்கேன்லா’ என்று பதில் வந்தது.

“அத வச்சுத்தான் அந்த மாசத்த ஓட்டுனேன் அண்ணாச்சி.”

ஒரே அறையில், இரண்டு முழ இடைவெளியில் உட்கார்ந்திருந்தும் உய்க்காட்டானுக்கு அந்த மூன்று விநாடி தேவைப்பட்டது.

“அதுக்குப் பதிவக் கேக்க வேண்டாம். நான் சொல்லல. என்னத்தச் சொல்லன்னு தெரியாம முழிச்சிட்டிருந்தேன். அதுக்குள்ள நீங்க ரொம்ப நன்றின்னுட்டீங்க. சும்மா இருந்ததுக்கு நன்றி சொல்லுதாங்களேன்னு நெனச்சேன். சரி, இதான் அவங்களுக்குப் பிடிச்சிருக்கு போலன்னு வாய மூடிட்டேன்.”

தெக்லா தரையைப் பார்த்தார்.

“சொல்லணும்னு ஒண்ணு வந்துது” என்றார் உய்க்காட்டான். “லேட்டா வந்துது.”

“என்ன வந்துது?”

“கதவு எங்கயும் போயிராது, அழுதுட்டு வாங்கன்னு.”

தெக்லா பதில் சொல்லவில்லை. அவர் சார்பில் யாரும் சொல்லவும் இல்லை. சன்னலுக்கு வெளியே ஒரு லாரி பின்னோக்கி வந்து நின்று, போயிற்று. நீலாயதாட்சி மணியைப் பார்க்க நினைத்து, பார்க்காமல் இருந்தார். சிறிது நேரம் சென்று தெக்லா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கையெழுத்திடுமுன் ஒரு வேலை பாக்கி இருந்தது. நீலாயதாட்சி முடிவுடன் இணைத்திருந்த முதல் அமர்வின் குறிப்பைப் பிரித்தார். மழையையும் சன்னலையும் தாண்டி, உய்க்காட்டானின் சாட்சியமாகத் தாம் எழுதியிருந்த ‘ஆமா மேடம்’ என்ற வரியை அவரிடம் காட்டினார். அவர் படித்துவிட்டு, அதுவும் தம்முடையதில்லை என்றார்.

நீலாயதாட்சி பேனாவை எடுத்து அந்த வரியின் குறுக்கே ஒரே நேர்கோடாக அடித்தார். ஓரத்தில் மனக்குறை என்று ஒதுக்கியிருந்த வாக்கியத்தை மேலே ஏற்றி, சாட்சியம் என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பமிட்டார். பிறகு முடிவின் கடைசிப் பக்கத்தில் முழுக் கையெழுத்தும் தேதியும் இட்டு, இரண்டு படிகளில் ஒன்றைத் தெக்லாவிடம் கொடுத்தார். மற்றொன்றை, ஒரு கையால் வாங்க வசதியாகக் குறுக்கே மடித்து, உய்க்காட்டானிடம் நீட்டினார்.